மாப்பிள்ளை காருக்குப் பத்தியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. போன இடத்தில் நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் காரும் சௌக்கியம். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நான்கு மாத அலுவலக வேலையாகக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டுங்க மாமா, வேற எதையும் தொட வேண்டாம்" என்றீர்கள். அப்படியேதான் செவ்வாய்க்கிழமைதோறும் ஓட்டினேன். ஆனால் பத்தாவது நிமிடத்தில் நெடுஞ்சாலை வந்துவிடுகிறது, அதில் ஏறிவிட்டால் திரும்புவதற்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது, இதற்கு நான் பொறுப்பல்ல. அந்த நாற்பதில்தான் கவனித்தேன், உங்கள் கார் பெட்ரோலை மடக் மடக் என்று குடிக்கிறது. முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் வால்வு திருகியவன் நான். ஒரு சொட்டு வீணானால் எனக்குத் தூக்கம் வராது. விசாரித்ததில், இஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம், அதுதான் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று அளந்து விடுகிறதாம். சமமான சாலையில் சீராகப் போகும்போது மட்டும் காற்றைப் பதினாறாக்கினால் என்ன கெட்டுவிடும்? அந்தக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு கேபிள் வாங்கினேன். என் மகள் விட்டுப்போன லேப்டாப்பில் மாட்டினேன். உங்கள் அத்தை, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க" என்றாள். விட்டுக்கொண்டேன்.

லேப்டாப் திரையில் ஓர் அட்டவணை, மாப்பிள்ளை, கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு எண். வால்வை மூடுவதுபோல வாரம் கால் திருகு குறைத்துக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டர் லேசுப்பட்டதல்ல. புகைக்குழாயில் ஒரு சென்சார் உட்கார்ந்துகொண்டு கோள் சொல்கிறது. நான் குறைக்கிறேன், அது கூட்டுகிறது, திரையிலேயே தெரிகிறது. நானும் விடவில்லை. இந்தச் சண்டைக்கு நடுவே உங்கள் அத்தை வேறு, வேகம் எழுபதைத் தாண்டினால் தலை சுற்றுகிறது என்பாள், ஏசி போட்டால் தும்முவாள். இத்தனை இடைஞ்சலிலும் லிட்டருக்குப் பதினான்கு ஓடிய வண்டி பதினெட்டு ஓடியது! நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்ட ஒரே பொருள் உங்கள் கார்தான் என்பதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. "ஏங்க, பெட்ரோல் இல்லைன்னு காட்டுதே" என்றாள் அத்தை. "அது பழைய கணக்குல எரியுது. நான் கம்ப்யூட்டருக்குப் புதுசா சொல்லிக் குடுத்தது அந்த லைட்டுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பதினோரு கிலோமீட்டர் கழித்து வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. தெருமுனை மெக்கானிக்குக் கூப்பிட்டேன், எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பவர், அதுவே அவர் பெயராகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் கேனோடு வந்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். "சார், கலவையை மெலிய வைக்கிறது சரி. இதுல வெறும் காத்துதான் இருக்கு." உங்கள் அத்தை சாலையோரம் திரும்பி நின்றுகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. மறுநாள் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். பிறகு அட்டவணையில் பதினான்காவது கட்டத்தைத் திருத்தினேன், மூன்றாம் நாள் விளக்கு தானாக அணைந்தது. வென்றுவிட்டேன் மாப்பிள்ளை!

சனிக்கிழமை நீங்கள் வந்ததும் இதெல்லாம் எப்படியும் தெரியவரும். கோபம் வந்தால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சாவியை மட்டும் திருப்பி வாங்கிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இல்லாத வாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? முடிந்தால் அங்கிருந்து இதைவிட நல்ல கேபிள் ஒன்று வாங்கி வாருங்கள். காற்றைப் பதினேழாக்கிப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை.

உங்கள் இருவருக்கும் நேரான சாலையும் நிறைந்த டேங்கும் வாய்க்கட்டும்.

ஆசிகளுடன்,
மாமா

பின்குறிப்பு: இதை எழுதுவது அத்தை. கடிதத்தை ஒட்டச் சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போயிருக்கிறார். அந்தக் கேபிளை முதல் வாரமே மெக்கானிக்கிடம் காட்டினேன். "இது கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் படிக்க மட்டும்தாம்மா, எதையும் மாத்தாது" என்றார். நான்கு மாதமாக உங்கள் மாமா லேப்டாப்பை மட்டும்தான் திருத்திக்கொண்டிருக்கிறார், காருக்கு ஒன்றும் தெரியாது. பெட்ரோல் குறைய வழி கேட்டேன், எழுபதில் போங்கள், ஏசியை அணையுங்கள் என்றார். தலைசுற்றலும் தும்மலும் அப்படி வந்தவைதான். மஞ்சள் விளக்கு, டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததால் எரிந்தது. நான் திருகினேன். இதை நீங்கள் அவரிடம் சொல்லக் கூடாது, சாவியையும் கேட்கக் கூடாது, அந்த நல்ல கேபிளையும் மறந்துவிட்டு வர வேண்டும். இந்தக் கார் வருவதற்கு முன்னால் அவர் கால் கால் திருகாகக் குறைத்துக்கொண்டிருந்தது என் அடுப்பை.