பயத்துக்கு மார்க் போடுகிறவர்

மூளை எப்படிப் பயப்படக் கற்றுக்கொள்கிறது என்று கணினிக்குப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கும் ஓர் இனம் உண்டு. ஸ்வீடனில் லுண்ட் நகரத்துப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். மூன்று மணிக் காப்பிக்கு இலவங்கப்பட்டை ரொட்டியோடு உட்கார்ந்து, திரைக்குள் நாங்களே செய்துவைத்த செயற்கை நரம்புகளுக்கு மணியடித்து, கூடவே ஷாக்கும் கொடுத்து, அடுத்த முறை வெறும் மணிச் சத்தத்துக்கே அவை நடுங்கினால் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொள்வோமே, அந்தக் கூட்டம்தான். பக்கத்து நாற்காலிக்காரர் விம்மி அழுதால் மட்டும் எங்களுக்குத் தெரியாது. ஜலதோஷம் என்போம். இந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், மூத்தவன் வேறு.

என் மகள் தூவாவுக்கு எட்டு வயது. தண்ணீர் என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் நீச்சல் தேறியே ஆக வேண்டும். வேறு அப்பனாக இருந்தால் கையைப் பிடித்துக் குளத்தில் இறக்கியிருப்பான். நான் யார்? ஒரு விசிலும் நோட்டும் வாங்கினேன். ஊதுவேன், அவள் ஒரு படி இறங்குவாள், “பயம் பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஆறு வாரத்தில் ஒன்பது இரண்டாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வரைபடம் போட்டுக்கூடக் காட்டினேன்.

பிறகு குடும்பத்தோடு லொம்மா கடற்கரைக்குப் போனோம். தூவா சிரித்துக்கொண்டே முழங்கால் தண்ணீருக்குள் ஓடினாள். நான் நோட்டை எடுத்தேன். பிள்ளை அப்படியே விறைத்து நின்றுவிட்டாள்.

“இது எதிர்பார்த்ததுதான்,” என்றேன் மனைவி ராக்ன்ஹில்டிடம். “இடம் மாறினா பழைய பயம் திரும்பி வரும். என் கட்டுரையிலேயே இருக்கு.”

“அவ தண்ணியையா பாக்குறா? உன்னைப் பாக்குறா.”

தூவா தலை நிமிராமல் சொன்னாள்: “தண்ணி ஒண்ணும் பண்ணலப்பா. நீ நோட்ட எடுத்தாதான் பயமா இருக்கு. எத்தனை சொன்னா உன் மூஞ்சி தொங்காதுன்னு யோசிச்சு யோசிச்சுச் சொல்றேன்.”

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அள்ளி அணைத்திருக்க வேண்டாமா? என் வாயில் வந்தது இதுதான்: “அப்போ நோட்டுக்குப் பத்துக்கு எத்தனை?”

ராக்ன்ஹில்ட் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இடுப்பளவு ஆழம் தாண்டிப் போனார்கள். நானும் வரட்டுமா என்று கரையிலிருந்து கேட்டேன்.

“வேணாம்பா,” என்றாள் தூவா, ரொம்ப மரியாதையாக.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் பிள்ளை கடைசியாக அழுதுகொண்டு வந்தபோது, ஏன், எதற்கு, யார் என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதானே மடியில் இடம் கொடுத்தீர்கள்? கொடுத்தீர்கள் அல்லவா?