ரீஸ்டார்ட் செய்யாத தராசு

மடிக்கணினி செய்கிற உலகத்துக் கம்பெனிகள் அத்தனையையும் ஒரு மீன் கொக்கியில் தொங்கவிட்டு எடை போட்ட ஒரே மனிதர் பாம்பனில்தான் இருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். தெருவில் அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தராசு என்று கேட்டால் நாய்கூட எழுந்து வழி காட்டும்.

எதையும் எழுத முடியாமல் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் கடையின் மாடியில் ஓர் அறை எடுத்தேன். இரண்டு பக்கமும் கடல் இருந்தால் கவிதை தானாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். வந்தது காற்று மட்டும்தான். கொடியில் காயப்போட்ட என் சட்டைகளை அது ஒவ்வொன்றாக இலங்கைப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. பேச ஆளில்லை. என் கணினியும் படுத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கும் பக்கத்து மிக்கேலம்மாவின் மீன் கடைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்தான் சுவர். இரண்டுக்கும் பொதுவான உத்திரத்தில் மிக்கேலம்மாவின் கொக்கித் தராசு தொங்கியது. கடைக்காரர் தராசு என் முகத்தைப் பார்க்கவில்லை. கணினியை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு, பையைக் கொக்கியில் மாட்டினார்.

“ரெண்டே கால் கிலோ. சார், இதுல எழுதுறீகளா, இல்ல நங்கூரமாப் போடுறீகளா?”

அது வெளி எடை. உள் எடை பார்க்கிற முறை வேறு. பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடி ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைச் சொல்லத் தொடங்குவார். ஒரு ஜெபம் முடிவதற்குள் திரை திறந்துவிட்டால் அது லேசான மிஷின். மூன்று ஆனால் பரவாயில்லை. பத்து ஆனால் உள்ளே இருக்கிற இயங்குதளத்தை உரித்தெடுத்துவிட்டு லேசான ஒன்றைப் போட வேண்டும். இதுதான் அவருடைய அறிவியல். என் கணினிக்குப் பத்தும் முடிந்து, ஒரு திரித்துவப் புகழும் முடிந்து, தராசு கண்ணைத் திறந்தபோது திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“சாகக் கெடக்குறவுகளுக்குச் சாமியாரு குடுக்குற நோயில்பூசுதல்தான் சார் இதுக்குக் குடுக்கணும்” என்றார்.

ஒருவழியாக உலாவி திறந்தது. நான் மூடாமல் வைத்திருந்த பக்கங்கள் மேலே வரிசையாக நெருக்கியடித்து நின்றன.

“என்ன சார், கருவாடு காயப்போட்டிருக்கீக? இது என்னது?”

“படிக்கலாம்னு வச்சிருந்தேன்.”

“எப்ப வச்சீக?”

“போன வருஷம்.”

“படிக்க மாட்டீக.” கிளிக். அடுத்தது. “இது?”

“அதையும் படிக்கலாம்னு…”

கிளிக்.

இடையில் ஓரத்திலிருந்து ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. இப்போது எல்லா உலாவியிலும் வந்திருக்கிறதே, அந்தச் செயற்கை அறிவு உதவியாளர். இந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரட்டுமா, ஏதாவது எழுத உதவட்டுமா என்று பவ்யமாகக் கேட்டது.

“யாருய்யா இவன், ரெண்டு பேரு பேசிக்கிட்டிருக்கையில ஊடால வாரான்?” என்று அதையும் அணைத்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் தானாக வந்து பேச்சுக் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் ராமநாதபுரத்திலிருந்து ஓர் இன்சூரன்ஸ் அதிகாரி தாளைப்போல மெலிந்த புது மடிக்கணினியோடு வந்தார். அதற்கு ஒரு நோயும் இல்லை, காட்டிவிட்டுப் போகத்தான் வந்தார். தராசு அதை உள்ளங்கையில் வாங்கி அசையாமல் நின்றார்.

“உள்ள வெசிறி இல்ல. சத்தம் இல்ல. சூடு இல்ல. செல்போனுக்குப் போடுற சில்லுலேயே ஓடுது. காலைல சார்ஜ் போட்டா பொழுதுக்கும் நிக்குமாம். இது மிஷினா சார்? பூசையில சாமியாரு நாக்குல வைக்கிற நன்மை அப்பம் மாதிரில்ல இருக்கு!”

நாக்கை நீட்டிவிடுவாரோ என்று அதிகாரி பயந்துபோனார். தராசு அதைப் பையிலிட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து மிக்கேலம்மா கையில் சீலா மீனோடு வந்தாள்.

“ஏலே தராசு! ஆளு நிக்கிறாக, மீன கையில ஏந்திக்கிட்டு நிக்கிறேன். பொட்டிய எறக்குலே!”

“இரு அக்கா, முள்ளு இன்னும் நிக்கல.”

“என் தராச எடுத்து என் பொழப்பக் கெடுக்கிற. ஒனக்குத் தராசுன்னு பேரு வேற! அது என் பேருலே!”

அந்த இழுபறியில் சீலா கணினிமேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு அதிகாரி போகிற கூட்டங்களுக்கெல்லாம் பூனைகளும் வரத் தொடங்கின என்று கேள்வி.

கீழக்கரையிலிருந்து வந்த பாய் ஒருவர் ஜெப முறைக்கு ஒரு திருத்தம் சொன்னார். “உங்க ஜெபம் நீளம் தம்பி. நான் பிஸ்மி சொல்லி முடிக்கிறதுக்குள்ள தெறக்கணும்.” தராசு கணினியை மூடி, பையில் போட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “அம்புட்டு வேகத்துக்குப் புது மிஷின்தான் வாங்கணும் பாய். என்கிட்ட இருக்கிறது மாதாவோட வேகம்.”

இப்படி ஊருக்கெல்லாம் லேசை உபதேசித்த மனிதரிடம் இருந்த சொந்தக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் தீவிலேயே கனமான கணினி அதுதான். கறுப்பாக, அம்மிக்கல்லைப்போல இருக்கும். அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போனதால், பைக் பேட்டரி ஒன்றைச் சாக்குப்பையில் போட்டு வயரால் இணைத்திருந்தார். கடையில் இருந்தால் கரண்டு, வெளியே கிளம்பினால் சாக்கு. டீக்கடைக்குப் போனாலும் அது கூட வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் அதற்கு. அதை அவர் ஒருபோதும் அணைத்ததில்லை. கொக்கியில் மாட்டி எடை பார்த்ததும் இல்லை.

“புள்ளத்தாச்சி மாதிரி தாங்கித் தாங்கி நடக்கிறான் பாரு” என்பாள் மிக்கேலம்மா.

தினமும் காலையில் அந்தத் திரையில் ஓர் அறிவிப்பு வரும்: புதுப்பிப்பு தயார், இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு நினைவூட்டவா? தராசு சிலுவை போட்டுக்கொண்டு ‘பிறகு’ என்பதை அமுக்குவார். பயன்படுத்தாத பக்கங்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உலாவி ஒரு புது வசதி கொண்டுவந்தபோது, வீட்டுக்குள் பாம்பு வந்ததுபோலப் பதறி அதைத் தேடிப் பிடித்து அணைத்தார். பிறகு ஒருநாள், அந்தப் பழைய இயங்குதளத்துக்கு இனிப் புதுப்பிப்பே கிடையாது, ஆதரவு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் நல்ல கணினிகள் குப்பைக்குப் போகப்போகின்றன என்று புலம்பல். தராசு மட்டும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேன்மிட்டாய் கொடுத்தார்.

“இனிமே எவனும் என்னைய ரீஸ்டார்ட் பண்ணச் சொல்ல மாட்டான் சார்!”

அன்றுதான் கேட்டேன், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். உலாவியில் ஒரே ஒரு பக்கம்.

லேசான இயங்குதளம் ஒன்றைத் தமிழுக்கு மாற்றுவதற்காகச் சிலர் கூடிய ஒரு சின்ன அரட்டைத் தளம் அது. மற்றவர்கள் எல்லாரும் போய்விட, கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். இந்தக் கரையில் தராசு. அந்த இலங்கைக் கரையில் ‘தலைமன்னார்’ என்ற பெயரில் ஒருவர். சாயங்காலமானால் இருவரும் ஒரு பொத்தானுக்கு என்ன பெயர் வைப்பது என்று மல்லுக்கட்டுவார்கள். அப்படியே அங்கே மழையா, இங்கே என்ன மீன் என்று பேச்சு நீளும். போன் நம்பர் கேட்டதில்லை. முகம் பார்த்ததில்லை.

“ஆணா பொண்ணான்னே தெரியாது சார். நல்லாப் பேசுவாக.”

ஒருநாள் தராசு துணிந்து ஒரு கேள்வி எழுதினார். அது திரையில் அப்படியே இருந்தது: ‘எப்பயாவது இந்தப் பக்கம் வருவீகளா?’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘தலைமன்னார் எழுதிக்கொண்டிருக்கிறார்’. பக்கத்தில் மூன்று புள்ளிகள், ஏறி இறங்கி ஆடிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துத் தளத்தை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டார்கள். இணையத்தில் இப்போது அப்படி ஒரு முகவரியே இல்லை. அந்தப் பக்கம் உயிரோடு இருந்தது அந்தக் கணினியின் நினைவில் மட்டும்தான். அணைத்தால் போய்விடும்.

“படம் எடுத்து வச்சுக்கலாமே அண்ணே?”

“எடுத்தேன் சார். படத்துல புள்ளி ஆட மாட்டேங்குது.” புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதிக்கிட்டிருக்காகள்ல. பாதியில மூடிட்டுப் போனா மரியாதையா?”

ஒருமுறை என்னையும் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனார். சுற்றுலாக்காரர்கள் முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் சாக்கை ஒரு தோளிலும் கணினியை இரண்டு கைகளிலும் ஏந்தி, கடலுக்குக் குழந்தையைக் காட்டுவதுபோலத் தூக்கிப் பிடித்தார். இருவரும் காத்திருந்தோம். அலை வந்தது, போனது. கணினிக்கு ஒன்றும் வரவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்த போன்தான் ‘டிங்’ என்றது. அங்கே நின்றால் எப்போதும் வருகிற செய்திதான். அந்தக் கரையின் நெட்வொர்க், தங்கள் நாட்டுக்கு வந்ததற்கு நல்வரவு சொல்லியிருந்தது.

“பாத்தீகளா சார், அங்கன இருந்து வாங்கன்னு சொல்லிட்டாக!” திரும்பி வருகிற வேன் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் புயல் வந்தது. படகுகளைத் தெற்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த ஆண்கள் போனார்கள், மிக்கேலம்மாவின் வீட்டுக்காரரும். கரண்டு போனது. கடை இன்வெர்ட்டரில் தெருவே போன் சார்ஜ் போட்டு அதையும் காலி செய்தது. மிச்சம் இருந்தது சாக்குப்பைப் பேட்டரி. அதை நம்பிக் கறுப்புக் கணினி மேசையில் விழித்திருந்தது. வெளியே தகரங்கள் பறந்தன. உள்ளே மூன்று புள்ளிகள் ஆடின.

மதியம் மிக்கேலம்மா நனைந்தபடி வந்து நின்றாள். கையில் அணைந்துபோன போன்.

“தெக்க ரெண்டு படகு கயிறு அத்துக்கிருச்சாம். எதுன்னு தெரியல. இதுக்குக் கொஞ்சம் உசுரு குடுக்க முடியுமாலே?”

அவள் மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், இன்னும் சில அணைந்த போன்கள்.

தராசு சாக்கைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டையும் தாங்காது” என்றார், யாரையும் பார்க்காமல்.

“கம்ப்யூட்டரத் தூங்கப் போட்டு வைக்கலாமா அண்ணே?” என்றேன்.

“தூங்குனாலும் மூச்சுக்குக் கரண்டு வேணும்ல சார்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலில், எழுத்து எழுத்தாகத் தேடி, புள்ளிகளுக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் அடித்தார். ‘மெதுவா எழுதுங்க. அவசரம் இல்ல. நான் இங்கனதான் இருக்கேன்.’ என்டர் தட்டினார். போகவில்லை என்று அது சிவப்பில் சொன்னது. அவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வயரைப் பிடுங்கினார்.

திரை ஒருமுறை மங்கி இருண்டது. அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முதல் தடவையாக அது நேரம் பார்ப்பதற்காகச் சொல்கிற ஜெபமாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பேட்டரியில் மிக்கேலம்மாவின் போன் உயிர் பெற்றது. பலமுறை அடித்த பிறகு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல், தன் பீடிக்கட்டு நனைந்துபோனதாகக் குறைபட்டுக்கொண்டது.

“பீடியா! நாசமாப் போறவனே, இங்கன நாங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், ஒனக்குப் பீடியா!” தெருவே கேட்கிற பழைய குரல். அழுதுகொண்டே திட்டினாள். அடுத்த பெண் தன் போனை நீட்டினாள்.

கரண்டு வந்த அன்று தராசு செய்த முதல் வேலை, கறுப்புக் கணினியைப் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டியதுதான். மிக்கேலம்மா ஒரு பாறை மீனோடு காத்திருந்தாள். பொட்டியை இறக்கு என்று சொல்லவில்லை. முள் நிற்கும்வரை மீனை ஏந்திக்கொண்டு நின்றாள்.

“வாங்குனப்ப அட்டையில போட்டிருந்த அதே எடைதான் சார்” என்றார். “ஒண்ணும் கொறையல.”

பிறகு அதற்கும் லேசான இயங்குதளம் போட்டார். ஒரு ஜெபத்துக்குள் திறந்தது. “எம்புட்டு வெரசாத் தெறக்குது பாத்தீகளா” என்று வெறும் திரையைக் காட்டினார். அன்று அவர் டீக்கடைக்குக் கைவீசிக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத நடை.

நான் வேறு ஊருக்கு வந்து நாளாகிவிட்டது. இப்போது என்னிடம் இருப்பதும் நன்மை அப்பம்போல ஒரு கணினிதான். இதை எழுத உட்காருமுன் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ‘அண்ணே, உங்களைப் பத்திப் பத்திரிகையில எழுதட்டுமா? நல்லா இருக்கீகளா?’ தராசு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று உடனே காட்டியது. ஒற்றை விரல்காரர். நான் எழுதி முடித்துவிட்டேன். அங்கே புள்ளிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

மெதுவாக எழுதுங்கள் அண்ணே. நான் இங்கனதான் இருக்கேன்.