வெள்ளிக்கிழமை நெருப்பு

உத்தமபாளையம்,
சுபானு வருஷம் ஐப்பசி மாதம், வியாழக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை தங்கபாண்டி அவர்களுக்கு, மாமனார் சுருளியாண்டி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை பஞ்சம்மாளும் நனைந்தபடி க்ஷேமம். அவ்விடம் நீங்களும் எங்கள் மகள் முருகம்மாளும் காய்ந்தபடி க்ஷேமமாக இருக்கச் சுருளி வேலப்பர் துணை செய்வார்.

ஒழுகுகிற வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்கே வந்து உங்களோடு இருந்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பெரிய மனசு. வருகிறோம். வருகிற புதன்கிழமை, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். இந்த மழையில் மனுஷன் இருக்க முடியாது. வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றுதான் மிச்சம். அதில் கோழி அடைகாக்கிறது. கிட்டே போனால் கொத்த வருகிறது. "சரி ஆத்தா, நீயே இருந்துக்க" என்று உங்கள் அத்தை அதற்குப் பட்டா கொடுத்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை பட்ட பாட்டைக் கேளுங்கள். ஓட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி நேராக அடுப்பில் விழுந்து நெருப்பு அணைந்துவிட்டது. யுத்த காலத்தில் தீப்பெட்டி கிடைப்பதே அரிது, கிடைத்த குச்சியும் ஊறிப்போய்ப் பல் குத்தத்தான் ஆகும். பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்கலாம் என்றால் வெள்ளிக்கிழமை. எங்கள் தெருவில் அரிசி கேட்டால் கொடுப்பார்கள், அம்மிக்கல்லைக் கேட்டால்கூடத் தூக்கிக் கொடுப்பார்கள், செவ்வாய் வெள்ளியில் நெருப்பு மட்டும் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அந்தக் கணக்கு இல்லாத வீடு நத்தர்ஷா வீடு ஒன்றுதான். அவர் ஆடு என் வேட்டிக் கரையைத் தின்றதிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. "வேட்டி பெருசா, வயிறு பெருசா?" என்று உங்கள் அத்தை கேட்டாள். நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற நத்தர்ஷா, "வாங்க மச்சான், பயப்படாதீக. ஆட்டைக் கட்டித்தான் போட்டிருக்கு" என்றார். அவர் சம்சாரம் சாபிரா சிரிப்பை அடக்கிக்கொண்டு கங்கு அள்ளிப் போட்டது.

நான் நனைந்தாலும் பரவாயில்லை என்று குடையை நெருப்புக்குப் பிடித்தேன். குடையில் இருந்த ஒரே ஓட்டை நேராகச் சட்டிக்கு மேலே வந்து நின்றுகொண்டது. திரும்பிப் போனேன். இந்தத் தடவை முறத்தால் மூடிக்கொண்டு வந்தேன், புகை கண்ணில் ஏறி, எங்கள் தெரு ஒச்சாண்டியின் எருமை மீது மோதி, சட்டி சாக்கடையில் போய்விட்டது. எருமை என்னைப் பார்த்த பார்வையைக் காகிதத்தில் எழுத முடியாது. மூன்றாம் தடவை வெறுங்கையோடு போய் நின்றதும் சாபிரா சொல்லிவிட்டது: "அண்ணே, நெருப்பு இங்கனயே இருக்கட்டும். அண்ணிய மொச்சப் பானையத் தூக்கிட்டு இங்கன வரச் சொல்லுங்க."

உங்கள் அத்தை போனாள். அதைப் பார்த்து ஒச்சாண்டி சம்சாரமும் ஈர விறகுக்குப் பயந்து களி கிண்டச் சோள மாவோடு வந்துவிட்டது. தொழுகை முடிந்து நத்தர்ஷா வந்ததும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சுடச்சுட மொச்சையும் சோளக்களியும் தின்றோம். வெளியே முல்லையாறு கரைபுரண்டு போகிறது, நாங்கள் என் எருமை சமாச்சாரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். "மச்சான், அடுத்த வெள்ளிக்கும் எருமையை அங்கனயே நிக்கச் சொல்லவா?" என்றார் நத்தர்ஷா. இப்படியெல்லாம் மானம் போன பிறகு இந்த ஊரில் எப்படி இருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அங்கே கூரை ஒழுகாது, குழாயைத் திறந்தால் தண்ணீர், எதற்கும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம் என்று முருகம்மாள் எழுதியிருக்கிறாள். நல்ல ஊர். மகளை ஈரத் தலையோடு படுக்க வேண்டாம் என்று சொல்லவும். இருவரும் ஆல்போல் தழைத்து, ஓடு மாற்றும் கவலை இல்லாமல் நூறாண்டு வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சுருளியாண்டி

பின்குறிப்பு: இன்று வெள்ளி. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது அடுப்பு மறுபடியும் அணைந்து கிடக்கிறது. மழை நேற்று சாயங்காலமே நின்றுவிட்டது. "வானம் வெளுத்துக் கெடக்கு, அடுப்புல எங்கன இருந்து தண்ணி விழுந்துச்சு?" என்று உங்கள் அத்தை ஓட்டைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள். மூன்று வீட்டுக்குக் காணும்படி ராத்திரியே ஊறப்போட்டிருந்த மொச்சையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நத்தர்ஷா வீட்டுக்கு நடந்துவிட்டாள். ஆகையால் புதன்கிழமை பஸ்ஸுக்கு வந்து நிற்க வேண்டாம்.