மைக்கின் முதுகுப்புறம்

புரியாததற்கும் புரிந்ததுபோல் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச அன்று போர்ட் பிளேரில் ஆளில்லை.

அறுபதுகளின் கடைசி. விமானம் இறங்கும் ஏரோட்ரோமை ஒட்டிய லம்பா லைன் அரசு குவார்ட்டர்ஸில் நான், அம்மா, தங்கை வசந்தா. அவளுக்கு மதுரையிலிருந்து ஒரு வரன். பெண் பார்க்கக் கப்பலேறி வர அவர்களுக்கு மனமில்லை. (போக வர வாந்தியெடுக்க யாருக்குத்தான் ஆசை?) இரு பக்கமும் போட்டோக்கள் கைமாறின. பிறகு, "பெண் பாடுவாளாமே, டேப்பில் பதிந்து அனுப்புங்கள்" என்றார்கள்.

பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் பாபுவிடம் ஸ்பூல் ரிக்கார்டரும் ஒரு ரிப்பன் மைக்கும் இருந்தன. கொடுக்கும்போதே எச்சரித்தார்: "தேக்கோ பாய், யே மைக் ஆகே பீச்சே தோனோ தரஃப் சுன்தா ஹை."

முன்னாலும் பின்னாலும் அதற்குக் காது உண்டு என்று அர்த்தம். என் ஹிந்தி மீன் மார்க்கெட்டைத் தாண்டாத காலம் அது. "மாலூம், மாலூம்" என்று தெரிந்தவன்போல் தலையாட்டி வாங்கிவந்தேன்.

மைக்குக்கு முன்னால் வசந்தா பாடினாள். அதன் முதுகுப்புறம் பத்திரமாக நானும் அம்மாவும், கையில் மாப்பிள்ளை வீட்டு போட்டோவோடு.

"ஏண்டா, மாப்பிள்ளைக்கு நெத்தி எங்க முடியுதுன்னே தெரியலையே?" அம்மா கிசுகிசுத்தாள்.

"அது நெத்தி இல்லம்மா, நம்ம ஏரோட்ரோம்."

"அவங்கப்பா மீசையப் பாரு, காடு மாதிரி!"

"அதுல கொஞ்சம் பிடுங்கி மகன் தலையில நட்டா சரியாயிரும்."

பாட்டை முடித்த வசந்தா சீறினாள். "சும்மா இருங்க ரெண்டு பேரும்! முடியோடவா குடும்பம் நடத்தப் போறேன்? அவர் கண்ணு எவ்வளவு சாந்தமா இருக்கு!"

ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது. போட்டுக் கேட்கலாம் என்றபோது கரண்ட் போனது. கப்பலுக்கு நேரமாகிவிட, கேட்காமலே ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

பாட்டைப் பற்றிப் பதில் வரவில்லை; புறப்பட்டு வருவதாக ஒரு தந்தி மட்டும் வந்தது. மாப்பிள்ளையும் அவர் அப்பாவுமே வந்து இறங்கினார்கள். சாத்தம் கப்பல் துறையில் மாலையோடு நின்ற என்னை மீசைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டும் கேட்டோம், பேச்சும் கேட்டோம். சொல்லுங்க தம்பி, எந்தப் பக்க மீசையப் பிடுங்கணும்?"

கடல் பக்கத்திலேயே இருந்தது. குதிக்கத்தான் தைரியமில்லை.

மாப்பிள்ளை மட்டும் என் காதருகே மெதுவாகக் கேட்டார்: "கண்ணைப் பத்திச் சொன்னது உங்க தங்கச்சிதானே? அவங்கள நேர்ல பாக்கணும்னுதான் அப்பாவ இழுத்துட்டு வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் வசந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்தார். மீசைக்காரர் அம்மாவிடம் இரண்டாவது காபி கேட்டார். கல்யாணம் நிச்சயமானது.

அந்த டேப்பை அவர்கள் திருப்பித் தரவே இல்லை. கல்யாண நாள் தவறாமல் போட்டுக் கேட்கிறார்கள். வசந்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட அவள் பாட்டில் ஒரு வரி தெரியாது. என் வசனம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.