டெஸ்டிங்காரர் கேட்ட ஒரே கேள்வி

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே சாவுக்குப் பயப்படாமல், அதற்கு முன்னால் படுக்கப்போகும் கட்டிலுக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு டெஸ்டிங்காரர்தான்.

பம்புசெட் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முழு லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் வெளியே விட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு கைக்கு மோட்டார் கிடைக்காததால் கண்ணில் பட்டதற்கெல்லாம் லோடு கொடுக்க ஆரம்பித்தார். வயசான காலத்துக்கு ஆகுமென்று கட்டில் வாங்கப் போனவர், கடையிலேயே மத்தியானத் தூக்கத்தைப் போட்டுவிட்டு, வலது பக்கம் முனகுகிறது என்று வெறுங்கையோடு திரும்பினார். சக்கர நாற்காலி வாங்கிய அன்று என்னை அதில் உட்காரவைத்து, வீதியில் இருக்கும் வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினார். என் இடுப்பு இன்றைக்கும் அதற்குச் சாட்சி சொல்லும்.

அவருக்கும் அவர் சம்சாரம் சரசக்காவுக்கும் சொத்தென்று இருப்பது அந்த ஒரு வீடுதான். மகன் பெங்களூரில், மகள் கோபிசெட்டிபாளையத்தில். கடைசிக் காலத்தில் யார் வைத்துப் பார்ப்பார்களோ அவர்கள் பேருக்கே வீடு என்று வக்கீலிடம் சொல்லிவிட்டார். பத்திரம் தயார். பேருக்கு மட்டும் இடம் விட்டு வக்கீல் காத்திருக்க, டெஸ்ட் முடியட்டும் என்று இவர் இழுத்துக்கொண்டே போனார்.

டெஸ்ட் இதுதான். மகனுக்குப் போன் போட்டு, "கண்ணு, பால் வந்துருச்சா?" என்று கேட்பார். பதில் வந்ததும் வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன், மறுபடியும் பால்.

கொங்கு நாட்டில் இப்படிச் சோதிப்பது லேசான காரியமில்லை. எங்கள் ஆட்களுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். காலையில் "சொல்லுங்ப்பா" என்ற மகன் சாயங்காலம் "சொல்லுங்க, உங்களுக்கு என்னங்க வேணும்" என்றபோதே இவருக்கு விளங்கிவிட்டது. மறுநாள் முதல் பெங்களூரில் இருந்தபடியே ஆப்பில் ஆர்டர் போட்டு, அப்பா வீட்டில் பால் பாக்கெட்டாக இறக்கினான் மகன். வீதி முழுக்க ஒரு வாரம் பாயசம் குடித்தோம்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்புக்கும் போன் போனது. எத்தனை முறை பாலைப் பற்றிக் கேட்டாலும், டபுள் ரூம் ஒன்றுதான் காலி இருக்கிறது என்று தேன் குரலில் பதில் வந்ததாம்.

மகள் இரண்டு நாள் பொறுமையாகப் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்து, வாசலில் நின்றபடியே அப்பாவைத் தலை ஸ்கேனுக்கு இழுத்துப் போய்விட்டாள். "மூளையில ஒரு கோளாறும் இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்க தம்பி. டெஸ்ட்டே கெட்டுப்போச்சுங்க" என்று என்னிடம் வந்து நொந்துகொண்டார்.

ஸ்கேன் என்ன சொன்னாலும் எனக்குப் பயம் தெளியவில்லை. மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்க்க ஒரு நாள் காலையில் பாயசப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். காபி கொடுத்தார். உள்ளே இருந்து சரசக்கா கேட்டார்.

"ஏனுங்க, பால் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு அம்மணி. காய்ச்சி வெச்சிருக்குது."

பாதி டம்ளர் குடித்திருப்பேன். அதே கேள்வி வந்தது. அப்போதுதான் முதல் முறை கேட்பவர் போல, குரலில் ஒரு சுருதி குறையாமல் அதே பதிலைச் சொன்னார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் வந்தது. அதற்கும் அவர் அப்படியே பதில் சொன்னார்.

கேட் வரைக்கும் கூட வந்தவரிடம், அக்காவின் மறதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன்.

"சொல்லிப்போட்டு டெஸ்ட் பண்ணுனா எல்லாரும் பாஸுதானுங் தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் முந்திக்கிட்டா, இவளுக்கு ஆருங்க பதில் சொல்றது?"

அன்று முதல் அவர் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. இருமல் சத்தம் கேட்டாலே எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பேன். வக்கீலும் தன் பங்குக்கு என்னிடம் வந்து புலம்பினார். சோறு, துணிமணி, வைத்தியம் என்று பத்திரத்தில் எழுதலாம், முகம் சுளிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று கேட்டார்.

போன மாதம் டெஸ்டிங்காரருக்குக் கண்புரை ஆபரேஷன். மகள் வந்து அப்பாவை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் புரையுமாக, ஒருவழியாக வாங்கிய புதுக் கட்டிலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். திறந்த கதவு வழியே தெரிந்த சமையலறையில் சரசக்காவின் குரல்.

"பால் வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சும்மா."

சற்று நேரத்தில் மறுபடி. அப்புறம் மறுபடி. மகளின் கை அடுப்பருகில் அப்படியே நின்றது. அப்பா போனில் கேட்டதெல்லாம் யாருடைய கேள்வி என்று அந்த நொடியில் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வந்துருச்சும்மா. காய்ச்சி வெச்சிருக்கேன்" என்றாள், அப்பாவின் குரலிலேயே.

டெஸ்டிங்காரர் என் கையைப் பிடித்தார். "எனக்குக் கண்ணு தெரியலீங் தம்பி. நீங்க மொகத்தைப் பாத்தீங்களா? சுளிச்சாளா?"

"இல்லீங்க" என்றேன். அது உண்மை. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். "சுளிக்கலீங்களே?"

"சுளிக்கலீங்க."

அன்று சாயங்காலம் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொன்னேன். அந்த மனுஷனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறேன்?