பேத்தைப் பாட்டு

என் மாமனார் லோகநாதன் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிற நேரத்தில் நான் ஒரு சபதம் போட்டேன். அவர் எனக்கென்று ஒரு பாட்டுக் கட்டினாரா, இல்லையா? தெவசத்துக்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மீசையை எடுத்துவிடுவேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் பூவரசன் மீசை என்றால் தெரியாதவர் கிடையாது. சபதத்தின் எடை உங்களுக்குப் புரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மாமனார் கடலுக்குப் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் பாட்டுக் கட்டியவர். வார்த்தையும் அவருடையது, மெட்டும் அவருடையது. மடியில் வைத்து வாசித்த ஆர்மோனியப் பெட்டி மட்டும் செகண்ட் ஹேண்ட். குப்பத்தில் யார் புதுப் படகு இறக்கினாலும் ஒரு பாட்டு. பெண் வயசுக்கு வந்தால் ஒரு பாட்டு. புயலில் செத்துப்போன வெள்ளாட்டுக்குக்கூட ஒரு பாட்டு, அதற்குச் சரணமே மூன்று. மாப்பிள்ளைக்கு அரை வரி கிடையாது.

நான் ஃபைபர் படகு வாங்கி இறக்கிய அன்று ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் படகுக்கு விபூதி பூசினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பெருமூச்சு விட்டார். வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பாட்டு, எனக்குப் பாடு.

சிரிக்காதீர்கள். அவர் பெண்ணை நான் விரும்பிக் கட்டினேன். அவர் விரும்பிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், அவர் பாடையைத் தோளில் சுமந்திருக்கிறேன். ஆனால் என்னை அவர் தன் மனுஷனாக நினைத்தாரா என்பது மட்டும் தெரியாமலே போய்விட்டது. பேசிச் சொல்லுகிற ஆள் இல்லை அவர். பாட்டில்தான் சொல்வார். பாட்டு இல்லையென்றால் நான் இல்லை என்றுதானே அர்த்தம்?

அவர் பாடி வைத்த கேசட்டுகள் என் மனைவி அமுதவல்லியிடம் இருந்தன. உப்புக்காற்று பட்டுக் கெட்டுவிடும் என்று ரஸ்க் டப்பாவில் போட்டு, டப்பாவை அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள். நான் டீக்கடைக்குப் போகிற சாயங்கால நேரத்தில் ஒன்றை எடுத்து, அப்பாவின் பழைய டேப்பில் போட்டுத் தனியாகக் கேட்பாள். நான் திரும்பி வரும்போது அவள் கண் சிவந்திருக்கும். வெங்காயம் என்பாள்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அமுதா, ஒங்க நைனா எனக்கு ஒரு பாட்டு கூட கட்டல இல்ல?"

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். ஆட்டுக்கு கட்னாரே."

"ஆடு நல்ல ஆடு."

"அப்ப நானு?"

"ஒனக்கும் கட்டிக்கிறாரு."

நெத்திலி அலசிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் அவள் எதிரில் போய்க் குந்தினேன்.

"எங்கமே?"

"கேசட்டுல."

"எந்தக் கேசட்டுல?"

"ஒக்காந்து மொதல்லேருந்து கேளு. சாயங்காலம் ஒரு பக்கம். நானும் கூட ஒக்காந்துக்கறேன்."

"அத்தினி கேசட்டயும் கேட்டு முடிக்கறதுக்குள்ள தெவசம் வந்துடும்மே. எதுலன்னு சொல்லேன்!"

"கட்னவரு கொரல்ல கேக்கறதுக்கு ஒனக்கு பொறுமை இல்ல. நான் இன்னாத்துக்கு சொல்லணும்?"

உட்கார்ந்தேன். கையில் கிழிந்த வலையைக் கொடுத்துவிட்டாள், கேட்டுக்கொண்டே பின்னு என்று. மாமனார் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தொண்டையைச் செருமி, "இது இன்னாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வார். பின்னால் யாரோ ஒரு ஆள் 'ஹெக்ஹெக்' என்று சிரிப்பது கேட்கும். அப்புறம் பாட்டு. இது மூத்த பொண்ணு கஸ்தூரிக்கு. ஹெக்ஹெக். இது காசி படகுக்கு. ஹெக்ஹெக். சில சாயங்காலங்கள் இப்படிப் போயின. வலையில் இருந்த கிழிசலெல்லாம் அடைபட்டது. என் பாட்டு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பாட்டை முழுக்க எதற்குக் கேட்க வேண்டும்? ஓட்டி ஓட்டி, அந்த "இது இன்னாருக்கு" மட்டும் கேட்டால் ஒரே பகலில் எல்லாக் கேசட்டும் முடிந்துவிடும். அதற்கு அமுதா வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஒங்க அக்கா கஸ்தூரியப் பாத்து எத்தினி நாளாச்சி! பசியாவரம் போய் தலைய காட்டிட்டு வாயேம்மே" என்றேன்.

"எங்கக்கா மேல ஒனக்கு எப்பலேருந்து பாசம்?"

"சொந்தம்னா வுட்டுட முடியுமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூடையில் கொஞ்சம் கருவாடு எடுத்துக்கொண்டாள். ஏரியில் படகேறிப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அரிசியைத் தோண்டி டப்பாவை எடுத்தேன். முதல் கேசட்டைப் போட்டு வேகமாக ஓட்டினேன். நிறுத்தினேன். எவன் படகோ. மறுபடி ஓட்டினேன். ஆடு. அடுத்த கேசட். ஓட்டி நிறுத்தினால், ஒரு பாட்டின் நடுவில் போய் விழுந்தது. கேட்டதும் சிரித்துவிட்டேன். பேத்தைப் பாட்டு!

அது எங்கள் குப்பத்துக்கே தெரிந்த பாட்டு. பேத்தை மீனைத் தொட்டால் வயிற்றை உப்பிக்கொண்டு பந்து மாதிரி மிதக்கும். விஷம் என்பதால் கறிக்கும் ஆகாது, வலையில் வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கரைவலை இழுக்கும்போது வேகத்துக்கு இந்தப் பாட்டைத்தான் பாடுவோம். முதல் வரியை எடுத்துக் கொடுப்பது நான்.

பேத்த வந்துச்சாம் பேத்த – கர
வலையில வந்துச்சாம் பேத்த
வயித்த உப்பிக்கினு பேத்த – நான்
சொறாவுன்னு சொல்லிச்சாம் பேத்த!

யாரைப் பற்றியது என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். பக்கத்து வீட்டு ஐஸ் வியாபாரி தானியேல். தொப்பை அப்படி. எனக்குக் கல்யாணமான புதிதில் இந்தப் பாட்டு கரைக்கு வந்தது. அன்றிலிருந்து நான் அதைத் தானியேலின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டித்தான் பாடுகிறேன். வலை இழுக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தானியேலும் சிரிப்பான். ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் கேசட்டில் பாட்டு சரியாக இல்லை. மாமனார் இழுத்து இழுத்து, அடிக்கு அடி நிறுத்தி, அழுகிற பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தார். கட்டினவர் இப்படியா பாடுவார்? டேப்பு மெதுவாக ஓடுகிறது, வோல்டேஜ் குறைவு என்று முடிவு கட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். அப்படியேதான் பாடினார். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். இன்னும் சோகமாகப் பாடினார். டேப்பின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

மாமனார் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டார்.

மூடியைத் திறந்தால், நாடா முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டு கிடந்தது. இழுக்க இழுக்க வந்தது. மடங்கியும் கசங்கியும் என் மடியில் குவிந்தது. அந்த மனிதரின் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அமுதா வந்து கேட்டால் என்ன சொல்வேன்? செத்துப்போன உங்கப்பனை மறுபடியும் நான் சாகடித்துவிட்டேன் என்றா?

நாடாவைத் துண்டில் முடிந்துகொண்டு, பாலத்தைத் தாண்டிப் பழவேற்காடு கடைத்தெருவுக்கு ஓடினேன். அங்கே ரேடியோ, டேப்பு ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவன் அஜ்மல் ஒருவன்தான்.

"வாண்ணே. இன்னிக்குத்தான் வர்ரியா?" என்றான் அஜ்மல்.

"இன்னாடா, இன்னிக்குத்தான்?"

"அக்கா அப்பவே சொல்லிச்சி. 'எங்கூட்டுக்காரரு ஒருநாளு நாடாவ சிக்க வச்சி துண்டுல கட்டிக்கினு ஓடியாருவாரு. ஒண்ணும் திட்டாத. டீ வாங்கிக் குடு'ன்னிச்சி."

டீயும் வந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுத் துண்டைப் பிரித்தேன்.

"கொரலு போயிடுச்சா அஜ்மலு?"

"இது போனா இன்னாண்ணே? கேசட்டெல்லாம் எப்பவோ அக்கா போன்ல ஏத்திக் குட்த்துட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்குடா அரிசில பொதச்சி வச்சிக்கிறா?"

"அத்த நான் கேக்காமயா இருப்பேன்? 'தேடறதுக்கு அவருக்கு ஒண்ணு வேணும்'னு சொல்லிச்சி."

நாடாவை நீவி ஒட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்தால், அமுதா எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து ஒழுகிய தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஃபிரிட்ஜ யாரு நிறுத்துனது?"

"கரன்ட்டு..."

"கரன்ட்டு போனா சுவிட்சும் தானா மேல ஏறிடுமா?"

நான் துண்டைப் பிரித்துக் கேசட்டை அவள் முன்னால் வைத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. துணியைப் பிழிந்து போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஒரு வருசமா தனியா கேக்கறேன்யா," என்றாள். "நைனா பாடும்போது எதிர்ல ஆளு ஒக்காந்து தலையாட்டணும். இல்லன்னா நிறுத்திடுவாரு. இப்ப கேக்க நான் ஒருத்திதான் இருக்கேன். நீயும் வந்து ஒக்காருவன்னுதான் ஒம்பாட்டு இருக்குதுன்னேன். நாலு நாளு ஒக்காந்துட்டு என்னைய படகேத்திட்ட."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாட்டு ஆசையெல்லாம் போய்விட்டது. இவளை ஒரு வருஷமாக வெங்காயத்தோடு விட்டுவிட்டேனே என்றுதான் இருந்தது.

"பாட்டே இல்லியா அப்ப?"

அவள் போனை எடுத்துத் தரையில் வைத்தாள். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"இது எங்க வூட்டு மாப்பிள்ளைக்கு."

ஹெக்ஹெக்ஹெக். அந்த ஆள் இந்தத் தடவை சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அது அடங்கும்வரை ஆர்மோனியம் காத்திருந்தது. அப்புறம் மெதுவாக, வோல்டேஜெல்லாம் சரியாக இருந்தும் மெதுவாக, மாமனார் ஆரம்பித்தார்.

பேத்த வந்துச்சாம் பேத்த...

இரண்டாவது சரணத்தில், "மீசைய முறுக்கிக்கினு பேத்த" என்று ஒரு வரி உண்டு. என் கை தானாக மீசைக்குப் போனது. தானியேலுக்கு மீசையே கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

இரண்டு சரணத்தோடு பாட்டு முடியும். கரையில் நாங்கள் அவ்வளவுதான் பாடுவோம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஆர்மோனியம் இறங்கியது. குரலும் இறங்கியது.

ஊரு பேத்தைக்கு வயித்துல வெசம் – எங்க
வூட்டு பேத்தைக்கு வெறுங்காத்து
எட்த்து எறிய மனசு வர்ல – எம்
பொண்ணு கையால புடிச்ச மீனு
காத்து போனாலும் போவட்டும் பேத்த – அவ
கண்ணு கலங்காம பாத்துக்கோ.

அவர் குரல் உடைந்ததா, பழைய நாடாவின் கோளாறா, எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பெண்ணைக் கொடுத்த அந்த மனிதர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நான் அதை வேகமாக்கி, வலை இழுத்து, கூத்தடித்திருக்கிறேன். அமுதா என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

"ஏம்மே இத்தினி வருசம் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ தானியேல் அண்ணனப் பாத்து கைய நீட்டி பாட ஆரம்பிச்சிட்ட. நைனாதான் வேணான்னாரு. 'வுடும்மா, பாடிக்கினு கெடக்கட்டும். எம்பாட்ட அவன மாரி ஒருத்தனும் எட்த்துப் பாடறதில்ல'ன்னாரு."

"நெசமாவா? அப்படியா சொன்னாரு?"

"படகு எறக்கறப்ப கூட கேட்டேன். 'அவனுக்குத்தான் ஏற்கனவே கட்டியாச்சே, ஆளுக்கு ஒண்ணுதான்'னாரு."

சபதம் நிறைவேறிவிட்டது, மீசையும் தப்பியது. மாமனாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. மனசு நிறைந்துபோய் கண்ணைத் துடைத்தேன். அப்புறம்தான் நாளைக் காலை கரைவலை இழுக்கப் போக வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

"அமுதா, இது நம்ம வூட்டோட இருக்கட்டும். ஊருல ஒருத்தருக்கும் தெரிய வேணாம். முக்கியமா அந்தத் தானியேலுக்குத் தெரியவே கூடாது. ஒங்க நைனா மேல சத்தியம் பண்ணு."

ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அமுதா சிரித்தாள்.

"அந்தச் சிரிப்பு யாருதுன்னு நெனச்ச? தானியேல் அண்ணந்தான்யா டேப்ப கையில புடிச்சிக்கினு ரெக்காடு பண்ணாரு."