ஹார்லோ மாவட்டத்தின் பொன்னான இலக்கு

கல்வி என்றால் என்ன என்று ஞானிகள் காலங்காலமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நெப்ராஸ்காவின் ஹார்லோ பள்ளி மாவட்டம் அதை ஒரே சுற்றறிக்கையில் முடித்துவைத்தது. பாடத்தின் 'இலக்கு' பலகையில் எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு வருபவர் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அது இலக்கைப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் 'கற்றல்' நடக்கிறது, இல்லையென்றால் நடக்கவில்லை. இவ்வளவு எளிய விஷயம் இதுவரை யாருக்கும் தோன்றாததுதான் வியப்பு.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை நோரீன் ஸ்வோபோடா கொஞ்சம் பின்தங்கியவள். பாடம் நடத்தினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பில் டெஸ்ஸா என்ற சிறுமிக்கு எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. தினமும் காலையில் பத்து நிமிடம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, லாரி ஓட்டும் பன்றிக்குட்டியின் கதையை விரல் வைத்து வாசிக்கப் பழக்கினாள். ஒரு திங்கட்கிழமை டெஸ்ஸா ஒரு வரியை முழுசாகத் தானே வாசித்துவிட்டாள். நோரீனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே தலைமையாசிரியை கேரல் அவளைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பத்து நிமிஷத்தை இலக்கு ஒப்பிக்கிறதுக்குக் குடுத்துருங்க நோரீன். ஆய்வு வருது."

"இப்பதான் அவளுக்கு வாசிக்க வருது கேரல். இன்னும் கொஞ்ச நாள் விட்டா புடிச்சுக்குவா."

"வாசிக்க வேணாம்னு யாரு சொன்னா? வாசிக்கணும்கிறதுதானே இலக்கே."

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நோரீனுக்குப் படிப்பு போதவில்லை. எரிச்சல் மட்டும் வந்தது. ஆனால் போன வருடம் மாவட்டத்தை எதிர்த்துப் பேசிய இசை ஆசிரியர், இப்போது வாசலில் கொட்டும் பனியில் பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பன்றிக்குட்டியை லாரியோடு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

டெஸ்ஸாவுக்குக் காது கூர்மை. வகுப்பில் முதலில் இலக்கை மனப்பாடம் செய்தவள் அவள்தான்.

ஆய்வுக்கு வந்தவர் மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் கிளேட்டன் ப்ரூவர். வைத்தியம் தெரியாத டாக்டர். அவர் நேராக டெஸ்ஸாவிடம் போய், என்ன கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டார்.

"நான் எந்தப் பத்தியையும் தடுமாறாமல் வாசித்து, அதன் மையக்கருத்தைச் சொல்வேன்," என்றாள் அவள், ஒரே மூச்சில்.

டாக்டருக்குக் கண் கலங்கியது. அந்த வாக்கியத்தையே டெஸ்ஸாவின் படத்தோடு பெரிய பதாகையாக அடித்து, உடற்பயிற்சிக் கூடத்தில் தொங்கவிட ஆணையிட்டார். திறப்பு விழாவுக்குப் பெற்றோர், பத்திரிகைக்காரர், கொலாச்சி என்ற இனிப்புப் பலகாரம் எல்லாம் வந்து சேர்ந்தன. திரை விலகியது. கைதட்டல் ஓய்ந்ததும் டெஸ்ஸா அண்ணாந்து பார்த்தாள். பிறகு நோரீனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், என் படத்துக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?"

கொலாச்சியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். நோரீனுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. பன்றிக்குட்டியைப் பூட்டிவைத்த அலமாரியின் சாவி அவள் பையில்தான் இருந்தது.

டாக்டர் மட்டும் மலர்ந்த முகத்தோடு கேரலின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, கேள்வி கேக்கவும் கத்துக்கிட்டா. இதுக்கும் ஒரு பதாகை அடிக்கச் சொல்லிடுங்க."